டாஸில் நிரல் எழுதத் தொடங்குவது எப்படி: எட்டு பைட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

விண்டோஸுக்கு முன் பிசிகளில் ஓடிய டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்று யாராவது கேட்டால் "முதலில் ஒரு சி கம்பைலரை இறக்கிக்கொள்" என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர் வேண்டும்தான், ஆனால் அது கொஞ்சம் பொறுத்து வரட்டும். முதலில் எட்டே எட்டு பைட்டில் ஒரு நிரலைக் கையாலேயே அடித்து, சேமித்து, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு சி, பாஸ்கல், பேசிக் என்று எந்தப் பக்கம் போனாலும் அடியில் ப்ராசஸர் என்ன செய்கிறது, டாஸ் என்ன செய்கிறது என்பது உங்களுக்குப் புரிந்துகொண்டே வரும். இன்றைய இயங்குதளங்களில் ஒரு எழுத்தைத் திரையில் காட்டுவதற்குள் எத்தனையோ அடுக்கு மென்பொருள் நடுவில் வந்துவிடுகிறது. டாஸில் நடுவில் இருப்பது மிகக் குறைவு, வேண்டாம் என்றால் அதையும் தாண்டி நேராக வன்பொருளிடமே போய்விடலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை எல்லாம் வாயால் சொல்லும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். "மூவ்" என்று வரும் இடத்தில் எம், ஓ, வி என்ற மூன்று எழுத்துதான், கடைசியில் இ கிடையாது. 16-அடி எண்களில் (பதினாறு பதினாறாக எண்ணும் முறை, 10 முதல் 15 வரைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து) வரும் எழுத்துகளையும் அப்படியே தமிழில் போட்டிருக்கிறேன். "பி800" என்றால் பி என்ற எழுத்தும் 800ம் சேர்த்து.

எந்த டாஸ், எதில் ஓட்டுவது

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஃப்ரீடாஸ், இன்னொன்று டாஸ்பாக்ஸ்.

ஃப்ரீடாஸ் முழுமையான ஒரு இயங்குதளம். மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும் ஜிம் ஹால் 1994 ஜூனில் தொடங்கிய திட்டம் அது, இன்றும் உயிரோடு இருக்கிறது. 1.3 பதிப்பு 2022இலும் 1.4 பதிப்பு 2025இலும் வந்தன. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. இதை உங்கள் கணினியில் நேரடியாக நிறுவ முயல வேண்டாம். டாஸ், கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸ் என்ற பழைய மென்பொருளை நம்பி எழுதப்பட்டது, அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள புதிய கணினிகளில் அது பூட் ஆகாது. விர்ச்சுவல்பாக்ஸிலோ க்யூஇஎம்யூவிலோ ஒரு மெய்நிகர் கணினி உருவாக்கி, 32 எம்பி நினைவகமும் 500 எம்பி வட்டும் கொடுங்கள். டாஸுக்கு அது தாராளம். லைவ் சிடி படத்தை மாட்டி பூட் செய்தால் நிறுவாமலேயே சுற்றிப் பார்க்கலாம், பிடித்திருந்தால் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் தொகுப்புகளைச் சேர்க்க எஃப்டிஇம்பிள்ஸ் என்றொரு மெனு நிரல் உண்டு. கம்பைலர் வகையறாவில் பலவும் போனஸ் சிடியில் இருப்பதால் அதையும் சேர்த்தே இறக்கி வையுங்கள். நிறுவி முடித்ததும் மெய்நிகர் கணினியை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். டாஸில் நினைவகப் பாதுகாப்பு என்ற பேச்சே கிடையாது, உங்கள் நிரல் தவறான இடத்தில் எழுதினால் கணினி அப்படியே உறைந்து நிற்கும், வட்டில் எழுதுகிற நிரலாக இருந்தால் வட்டும் போகும்.

டாஸ்பாக்ஸ் வேறு ரகம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதிலும் ஒரு சாதாரண நிரலாக ஓடி, உள்ளே ஒரு டாஸ் கணினியைப் போலச் செய்து காட்டும். விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது என்றாலும் நிரல் எழுதப் பழகவும் ரொம்ப வசதி, காரணம் கோப்புகளை உள்ளே வெளியே கொண்டுபோகும் தொல்லை இல்லை. உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, டாஸ்பாக்ஸில் கட்டளை அடிக்கும் இடமான ப்ராம்ப்டில் "மவுண்ட் சி" என்று அடித்து, இடம் விட்டு அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் அதுவே சி டிரைவ் ஆகிவிடும். பிறகு "சி:" என்று அடித்து அதற்குள் போங்கள். ஒவ்வொரு முறையும் இதை அடிப்பதற்குப் பதில், டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் கடைசியாக இருக்கும் ஆட்டோஎக்ஸெக் பகுதியில் இந்த இரண்டு வரிகளையும் எழுதிவிட்டால் திறந்தவுடனேயே உங்கள் ஃபோல்டரில் நிற்பீர்கள். வெளியே கோப்பை மாற்றியது உள்ளே தெரியாவிட்டால் கண்ட்ரோலும் எஃப்4ம் சேர்த்து அழுத்துங்கள். கம்பைலர் மெதுவாக ஓடுகிறது என்று தோன்றினால் கண்ட்ரோலும் எஃப்12ம்.

டாஸ்பாக்ஸில் எடிட்டரும், இயந்திரக் கட்டளைகளை அடித்து ஓட்டிப் பார்க்க உதவும் டீபக் என்ற நிரலும் கூடவே வருவதில்லை. ஃப்ரீடாஸ் தொகுப்பில் இருந்து டீபக் கோப்பை எடுத்து உங்கள் ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள், நன்றாக ஓடும். என் யோசனை: அன்றாடம் பழக டாஸ்பாக்ஸ், நிஜ டாஸ் எப்படிப் பூட் ஆகிறது, தொடக்கக் கோப்புகளில் என்ன எழுதியிருக்கிறது, நினைவகம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்றெல்லாம் பார்க்க ஃப்ரீடாஸ். இரண்டும் இருக்கட்டும்.

ப்ராம்ப்டில் கை பழகட்டும்

இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. "டிர்" கோப்புகளைக் காட்டும், "சிடி" ஃபோல்டர் மாற்றும், "எம்டி" புதிதாக உருவாக்கும், "டைப்" ஒரு கோப்பில் இருப்பதைத் திரையில் ஓடவிடும், "மெம்" நினைவகக் கணக்கைச் சொல்லும். டாஸ்பாக்ஸில் "மெம்"கூட உள்ளேயே இருக்கிறது. ஃபோல்டர்களுக்கு நடுவே வருவது பின்சாய்வுக்கோடு, முன்சாய்வுக்கோடு கட்டளைக்கான கூடுதல் குறிகளுக்கு. லினக்ஸில் இருந்து வருகிறவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். கோப்புப் பெயர் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து, அவ்வளவே. வெளியில் நீளமான பெயர் வைத்திருந்தால் உள்ளே அது வெட்டுப்பட்டு, நடுவில் அலைக்குறியும் எண்ணும் வந்து நிற்கும். ஆகவே ஆரம்பத்தில் இருந்தே சின்னப் பெயராக வையுங்கள்.

டாஸில் ஓடக்கூடிய கோப்புகள் மூன்று வகை: பேட், காம், எக்ஸி. பேட் என்பது வெறும் எழுத்துக்கோப்பு, நீங்கள் ப்ராம்ப்டில் அடிக்கும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் அதுவே ஒரு நிரல். காம் என்பது தலைப்பு, அட்டவணை எதுவும் இல்லாத வெறும் இயந்திரக் கட்டளைகள். கோப்பில் இருக்கும் பைட்டுகளை டாஸ் அப்படியே நினைவகத்தில் இறக்கி முதல் பைட்டில் இருந்து ஓட்டிவிடும், மொத்தம் 64 கேபிக்குள் அடங்க வேண்டும். எக்ஸி பெரிய நிரல்களுக்கு. அதன் முதல் இரண்டு பைட்டும் எம், இஸட் என்று இருக்கும், டாஸ் குழுவில் வேலை செய்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். இன்றைய விண்டோஸ் எக்ஸி கோப்பைத் திறந்து பார்த்தாலும் அதே இரண்டு எழுத்து முதலில் நிற்கும்.

நாம் இப்போது எழுதப் போவது ஒரு காம் கோப்பு.

எட்டு பைட் நிரல்

"டீபக்" என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு சிறு கோடு மட்டும் வந்து காத்திருக்கும். இப்போது இதை வரி வரியாக அடியுங்கள்:

ஏ 100
மூவ் ஏஎச்,2
மூவ் டிஎல்,41
இன்ட் 21
இன்ட் 20

கடைசி வரிக்குப் பிறகு வெறும் என்டர் ஒன்று தட்டினால் மறுபடி அந்தக் கோடு வரும். இனி சேமிக்க வேண்டும்:

ஆர் சிஎக்ஸ்
8
என் டெஸ்ட்1.காம்
டபிள்யூ
க்யூ

வெளியே வந்ததும் "டெஸ்ட்1" என்று அடியுங்கள். திரையில் பெரிய ஏ ஒன்று வரும். எந்தக் கம்பைலரும் இல்லாமல், எந்த நூலகமும் இல்லாமல் ஓடும் ஒரு முழு நிரல் அது. "டிர்" போட்டுப் பாருங்கள், அளவு 8 என்றே காட்டும்.

என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்ப்போம். ஏ 100 என்றால் 100 என்ற முகவரியில் இருந்து அசெம்பிளி, அதாவது ப்ராசஸரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக, எழுதப் போகிறேன் என்று அர்த்தம். டீபக்கில் எல்லா எண்ணும் 16-அடி எண்தான், ஆகவே அந்த 100 என்பது நம் கணக்கில் 256. டாஸ் எந்தக் காம் கோப்பையும் அந்த இடத்தில்தான் இறக்கும், அதற்கு முந்தைய 256 பைட்டை அந்த நிரலைப் பற்றிய தன் குறிப்புகளுக்காக வைத்துக்கொள்ளும். பிஎஸ்பி என்பார்கள். உங்கள் நிரலின் பெயருக்குப் பின்னால் பயனர் அடித்த சொற்களும் அதில்தான் இருக்கும்: 80 என்ற இடத்தில் எத்தனை எழுத்து என்ற எண், 81இல் இருந்து அந்த எழுத்துகள்.

இன்ட் 21 (இன்ட் என்பது இன்டரப்ட்டின் சுருக்கம்) என்பது டாஸின் கதவு. எந்தச் சேவை வேண்டும் என்பதை ஏஎச் என்ற ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) போட்டுவிட்டு அதைத் தட்ட வேண்டும். 2ஆம் சேவை டிஎல்லில் இருக்கும் எழுத்தைத் திரையில் போடும், 41 என்பது 65, அதாவது ஏ. கோப்பைத் திறப்பது, படிப்பது, எழுதுவது, நினைவகம் கேட்பது, தேதி கேட்பது என்று டாஸ் செய்யும் அத்தனைக்கும் வேறு வேறு எண்ணோடு இதே கதவுதான். இன்ட் 20 நிரலை முடித்து ப்ராம்ப்டுக்குத் திருப்பும். அந்த வரியை விட்டுவிட்டால் ப்ராசஸர் நிற்காது, அடுத்து நினைவகத்தில் என்ன குப்பை இருக்கிறதோ அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் உறைந்துதான் நிற்கும்.

ஆர் சிஎக்ஸ் எதற்கு? எத்தனை பைட் சேமிக்க வேண்டும் என்பதை டீபக் பிஎக்ஸ், சிஎக்ஸ் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களையும் சேர்த்துத்தான் படிக்கும். புதிதாகத் திறந்தால் பிஎக்ஸ் சுழியமாக இருக்கும். ஆனால் நடுவில் வேறு எதையாவது ஓட்டிப் பார்த்திருந்தால் அதில் வேறு எண் நிற்கலாம், சேமிக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. கடைசி வரியில் இன்ட் 20க்குப் பதிலாக "ரெட்" என்று எழுதினாலும் நிரல் சரியாகவே முடியும், அளவு ஏழு பைட்டாகக் குறையும். எப்படி? காம் நிரலைத் தொடங்கும்போது டாஸ் ஸ்டாக் என்ற தற்காலிக அடுக்கில் ஒரு சுழியத்தைத் தள்ளிவிட்டுத்தான் தொடங்குகிறது. ரெட் அதை எடுத்து 0 என்ற முகவரிக்குத் தாவும். அது பிஎஸ்பியின் முதல் இடம், அங்கே டாஸ் முன்கூட்டியே இன்ட் 20 என்ற கட்டளையை எழுதி வைத்திருக்கிறது. நம்ப வேண்டாம், டீபக்கில் "யூ 0" என்று அடித்து நீங்களே பாருங்கள், முதல் வரியில் அது தெரியும்.

இனி ஒரு சுழற்சி. மறுபடி டீபக்கைத் திறந்து:

ஏ 100
மூவ் ஏஎச்,2
மூவ் டிஎல்,41
இன்ட் 21
இன்க் டிஎல்
சிஎம்பி டிஎல்,5பி
ஜேஎன்இ 104
இன்ட் 20

இது ஏ முதல் இஸட் வரை அச்சிடும். 15 பைட், ஆகவே சிஎக்ஸில் எஃப் என்று கொடுங்கள். 104 என்பது இன்ட் 21 உட்கார்ந்திருக்கும் முகவரி, அடிக்கும்போது இடப்பக்கத்தில் டீபக்கே அதைக் காட்டிக்கொண்டு வரும். சேமிக்காமலேயே "ஜி" என்று தட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டளையாகப் போக "டி", ஆனால் இன்ட் வரும் இடத்தில் டி அடித்தால் டாஸின் உள்ளேயே நுழைந்து தொலைந்துபோவீர்கள், அங்கே "பி" அடியுங்கள், அது தாண்டி அடுத்த வரியில் நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் டிஎக்ஸ் ரெஜிஸ்டர் 41, 42, 43 என்று ஏறுவதைக் கண்ணால் பார்ப்பது எந்த விளக்கத்தையும்விட நன்றாக மனதில் பதியும்.

டாஸைத் தாண்டி

"சிஎல்எஸ்" அடித்துத் திரையைத் துடைத்துவிட்டு டீபக்கைத் திறந்து இந்த ஒரு வரியை அடியுங்கள்:

இ பி800:7டி0 41 1இ

திரையின் நடுவில், நீலப் பின்னணியில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஏ வந்து நிற்கும். எந்த டாஸ் சேவையையும் கூப்பிடவில்லை. எழுத்துத் திரை என்பது பி800 என்ற பகுதியில் இருக்கும் 4000 பைட் நினைவகம்தான். 80 எழுத்து அகலம், 25 வரி, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பைட்: முதலில் எழுத்து, அடுத்து நிறம். வரி எண்ணை 160ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணை 2ஆல் பெருக்கிக் கூட்டினால் இடம் கிடைக்கும். 12ஆம் வரி, 40ஆம் இடம் என்றால் 2000, அதுதான் 7டி0. நிறத்தில் 1 பின்னணி நீலம், இ எழுத்து மஞ்சள். திரையைத் துடைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கர்சர் கடைசி வரியில் இருந்தால் என்டர் தட்டியதுமே எல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிடும்.

இந்த இடத்தில் செக்மென்ட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், தள்ளிப்போட்டால் பிறகு சி எழுதும்போது சிக்கல். 8086 ப்ராசஸரின் ரெஜிஸ்டர்கள் 16 பிட், அதில் 64 கேபிதான் எண்ண முடியும். ஆனால் முகவரிக் கம்பிகள் 20, அதனால் 1 எம்பி வரை போகலாம். இரண்டையும் இணைக்க, நினைவகப் பகுதியைக் குறிக்கும் செக்மென்ட் எண்ணை 16ஆல் பெருக்கி, அந்தப் பகுதிக்குள் எவ்வளவு தூரம் என்று சொல்லும் ஆஃப்செட்டைக் கூட்டுகிறார்கள். பி800ஐ 16ஆல் பெருக்குவது என்றால் பின்னால் ஒரு சுழியம் சேர்ப்பதுதான்: பி8000. ஒரே இடத்துக்குப் பல பெயர் இருக்க முடியும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. அந்த 1 எம்பியில் கீழே உள்ள 640 கேபிதான் டாஸுக்கும் நிரல்களுக்கும், மேலே இருப்பது திரைக்கும் பயாஸுக்கும் மற்ற கார்டுகளுக்கும்.

இனி ஒரு மொழி

அசெம்பிளியிலேயே தொடர விரும்பினால் நாஸ்ம் என்ற அசெம்பிளர். எழுத்துக்கோப்பில் எழுதி, "நாஸ்ம் -எஃப் பின் டெஸ்ட்2.ஏஎஸ்எம் -ஓ டெஸ்ட்2.காம்" என்று கொடுத்தால் காம் கோப்பு தயார். டீபக்கில் இருந்து வருகிறவர்கள் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் வரியில் "ஆர்க் 100எச்" இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் தரவின் முகவரிகள் எல்லாம் 256 குறைவாகக் கணக்கிடப்பட்டு, வாக்கியத்துக்குப் பதில் பிஎஸ்பியில் இருக்கும் குப்பை திரையில் கொட்டும். இரண்டாவது, நாஸ்மில் வெறும் எண் என்றால் சாதாரண எண், 16-அடி எண்ணுக்குப் பின்னால் எச் போட வேண்டும். "இன்ட் 21" என்றே எழுதிவிட்டால் அது 15எச் ஆகி பயாஸின் வேறொரு சேவைக்குப் போய்விடும், பிழைச்செய்தி எதுவும் வராது, திரையில் ஒன்றும் நடக்காது, நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். மூன்றாவது, எழுத்தில் தொடங்கும் 16-அடி எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் வேண்டும், 0பி800எச் என்று. வாக்கியம் அச்சிட 9ஆம் சேவை: டிஎக்ஸில் வாக்கியத்தின் முகவரி, வாக்கியத்தின் முடிவில் டாலர் குறி. டாலரை மறந்தால் அடுத்த டாலர் எங்கே வருகிறதோ அதுவரை அச்சிட்டுக்கொண்டே போகும்.

சி என்றால் ஓபன் வாட்காம். "டபிள்யூசிஎல் டெஸ்ட்3.சி" என்று அடித்தால் 16 பிட் எக்ஸி வந்துவிடும். அதே கம்பைலரை லினக்ஸிலோ விண்டோஸிலோ வைத்து அங்கிருந்தே டாஸ் நிரல் உருவாக்கவும் முடியும். 640 கேபி தொல்லையே வேண்டாம், நினைவகம் முழுவதையும் 32 பிட்டில் பயன்படுத்த வேண்டும் என்றால் டிஜேஜிபிபி இருக்கிறது, டிஜே டெலோரி 1989இல் தொடங்கியது, உள்ளே இருப்பது ஜிசிசி கம்பைலர்தான். ஆனால் தொடங்குகிறவருக்கு 16 பிட்டே நல்லது என்பேன், டாஸின் உண்மையான அமைப்பு அங்கேதான் தெரியும். பாஸ்கல் பிடித்தவர்களுக்கு டர்போ பாஸ்கல் 5.5, அதை போர்லாண்ட் பிற்காலத்தில் இலவசமாகவே வெளியிட்டது. எடிட்டரும் கம்பைலரும் ஒரே திரையில், அந்த வேகம் இன்றைக்கும் ஆச்சரியம். 7ஆம் பதிப்பு வைத்திருப்பவர்கள் வேகமான கணினியில் திரை வேலைகளுக்கான சிஆர்டி யூனிட்டைச் சேர்த்தால் தொடக்கத்திலேயே பிழை 200 வரும்: தாமதக் கணக்குக்காக அது ப்ராசஸரின் வேகத்தை அளக்கிறது, வேகம் அதிகமானால் வகுத்தல் விடை ரெஜிஸ்டரில் அடங்காமல் போய்விடுகிறது. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்தால் போதும். பேசிக்குக்கு ஃப்ரீபேசிக், க்யூபேசிக் பாணியில் எழுத அதில் ஒரு தேர்வே உண்டு.

எந்த மொழியாக இருந்தாலும் முதலில் ஒரு பேட் கோப்பு எழுதிக்கொள்ளுங்கள், தினமும் நூறு முறை அடிக்கும் வேலை மிச்சம்:

@எக்கோ ஆஃப்
நாஸ்ம் -எஃப் பின் %1.ஏஎஸ்எம் -ஓ %1.காம்
இஃப் எரர்லெவல் 1 கோடு முடிவு
%1
:முடிவு

"கோடு" என்பது இங்கே ஜி, ஓ, டி, ஓ. "முடிவு" என்பதற்குப் பதில் ஏதாவது ஒரு சின்ன ஆங்கிலப் பெயர் வையுங்கள். எரர்லெவல் 1 என்றால் 1க்குச் சமம் என்று பொருள் இல்லை, 1 அல்லது அதற்கு மேல் என்று பொருள். அதனால் பல மதிப்புகளைச் சோதிக்கும்போது பெரிய எண்ணில் இருந்து கீழே வர வேண்டும். ஒரு பேட்டுக்குள் இருந்து இன்னொரு பேட்டைக் கூப்பிடும்போது முன்னால் "கால்" சேர்க்காவிட்டால் திரும்பி வரவே வராது.

சி எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 16 பிட் சியில் முழு எண்ணுக்கான இன்ட் என்ற வகை (மேலே வந்த இன்ட் கட்டளை அல்ல) 32767 வரைதான் போகும். திரை முழுவதையும் நிரப்ப 0 முதல் 64000 வரை ஒரு சுழற்சி எழுதி எண்ணியாக இன்ட் வைத்தால், அது 32767ஐத் தாண்டியதும் மைனஸுக்குப் போய்விடும், 64000ஐ எட்டவே எட்டாது, சுழற்சி முடியாது. மைனஸ் இல்லாத அன்சைன்ட் வகை போடுங்கள், 65535 வரை இடம் இருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்ட நிரலைக் கண்ட்ரோல்-சி நிறுத்தும் என்று நம்பாதீர்கள். டாஸ் அதைக் கவனிப்பதே நிரல் ஏதாவது டாஸ் சேவையைக் கூப்பிடும்போதுதான், வெறும் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது கேட்காது.

தாமதம் வேண்டும் என்றால் வெறும் சுழற்சியை ஓட்டி நேரம் கடத்தாதீர்கள், ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு வேகம். 0040:006சி என்ற இடத்தில் ஓர் எண் நொடிக்கு 18.2 முறை தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் காத்திருங்கள், அல்லது பயாஸிடம் இன்ட் 1ஏ மூலம் கேளுங்கள்.

ஒரு கோடு வரைவோம்

டாஸில் கிராஃபிக்ஸ் கற்க 13எச் என்ற திரை முறையைப் போல எளிதான இடம் வேறில்லை. 320×200 புள்ளி, 256 நிறம், ஒரு புள்ளிக்கு ஒரு பைட், மொத்தம் 64000 பைட், ஒரே செக்மென்ட்டில் அடங்கிவிடும். மறுபடி டீபக்:

ஏ 100
மூவ் ஏஎக்ஸ்,13
இன்ட் 10
மூவ் ஏஎக்ஸ்,ஏ000
மூவ் இஎஸ்,ஏஎக்ஸ்
மூவ் டிஐ,7டிஏ0
மூவ் ஏஎல்,இ
மூவ் சிஎக்ஸ்,64
ரெப் ஸ்டாஸ்பி
மூவ் ஏஎச்,0
இன்ட் 16
மூவ் ஏஎக்ஸ்,3
இன்ட் 10
இன்ட் 20

31 பைட், சிஎக்ஸில் 1எஃப். ஸ்டாஸ்பி என்பதை எஸ், டி, ஓ, எஸ், பி என்று அடியுங்கள். இன்ட் 10 திரை முறையை மாற்றுகிறது, ஏ000 அந்தத் திரையின் செக்மென்ட், 7டிஏ0 என்பது 100ஆம் வரியில் 160ஆம் புள்ளி, அதாவது 100ஐ 320ஆல் பெருக்கி 160ஐக் கூட்டியது. அங்கே இருந்து 100 புள்ளிக்கு மஞ்சள் கோடு. சிஎக்ஸில் போட்ட 64 நம் கணக்கில் 100 என்பது இதற்குள் பழகியிருக்கும். பிறகு ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருந்து, பழைய எழுத்துத் திரைக்குத் திரும்பி, முடிகிறது. டிஐக்கு 140ஐக் கூட்டிக் கூட்டி இன்னொரு சுழற்சி போட்டால் கோடு கட்டமாகும், ஏஎல்லை ஒவ்வொரு வரிக்கும் ஒன்று ஏற்றினால் நிறங்கள் மாறி மாறி வரும். இதை நீங்களே முயலுங்கள். உள்சுழற்சி முடிந்ததும் சிஎக்ஸ் சுழியமாகி இருக்கும், டிஐயும் 100 இடம் நகர்ந்திருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதற்கு மேல் என்ன சேவை எந்த எண்ணில் இருக்கிறது என்று தேட ரால்ஃப் பிரௌன் தொகுத்த இன்டரப்ட் பட்டியல் இருக்கிறது, இலவசம். டாஸில் நிரல் எழுதும் எல்லோரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது அதைத்தான்.

தமிழ் எழுத்து வருமா என்ற கேள்வி கட்டாயம் வரும். டாஸுக்கு யூனிகோட் தெரியாது, எழுத்துத் திரையில் 256 வடிவம்தான். ஆனால் அந்த வடிவங்களை மாற்றலாம். விஜிஏ என்ற திரை கார்டில் ஒரு வடிவம் 8 புள்ளி அகலம், 16 வரி உயரம், ஒரு வரிக்கு ஒரு பைட், ஆக ஒரு எழுத்துக்கு 16 பைட். அவற்றை நினைவகத்தில் எழுதி வைத்து, இஎஸ்:பிபியில் அதன் முகவரி, பிஎச்சில் 16, பிஎல்லில் 0, சிஎக்ஸில் எத்தனை வடிவம், டிஎக்ஸில் எந்த எண்ணில் இருந்து என்று கொடுத்து, ஏஎக்ஸில் 1100எச் போட்டு இன்ட் 10எச்சைக் கூப்பிட்டால் போதும். ட, ப போன்றவை 8 புள்ளியில் அடங்கிவிடும். ண, ணை போன்றவற்றுக்கு இரண்டு கட்டம் வேண்டும், அங்கே ஒரு சிக்கல்: விஜிஏ ஒவ்வொரு கட்டத்தையும் 9 புள்ளி அகலமாகக் காட்டுகிறது, அந்த ஒன்பதாவது புள்ளி வழக்கமாக வெற்றிடம், அதனால் எழுத்து நடுவில் பிளந்து தெரியும். 192 முதல் 223 வரையுள்ள 32 எண்களுக்கு மட்டும் எட்டாவது புள்ளியே ஒன்பதாவதிலும் மறுபடி வரும், பெட்டிக்கோடுகள் இடைவெளியின்றிச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே அகலமான எழுத்துகளின் இடப்பாதியை அந்த 32 எண்களுக்குள் வையுங்கள், வலப்பாதி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.